திரையில் 32, கையில் 31.8

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கில் பணிமனைப் பயிற்சி ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் லெகோ கட்டைகளைக் கணினியில் அடுக்கி மாதிரிகள் செய்கிறாள். எல்-ட்ரா என்ற இலவசத் தொகுப்பிலிருந்து 2×4 கட்டையின் கோப்பை எடுத்து அளந்து பார்த்தாள். நீளம் 32 மி.மீ., அகலம் 16 மி.மீ. என்று வந்தது. அசல் கட்டையை நான் வெர்னியர் காலிப்பரில் பிடித்தால் 31.8, 15.8 காட்டுகிறது. வேறு கட்டைகளை எடுத்து அளந்தாலும் அதேதான். அந்தக் கோப்பை வைத்து எங்கள் த்ரீடி பிரிண்டரில் ஒரு கட்டை எடுத்தோம். பக்கத்துக் கட்டையோடு அது உரசுகிறது. அசல் கட்டையின் மேல் அழுத்தினால் பிடிப்பும் சரியில்லை. யாருடைய அளவு தவறு? இன்னொரு சந்தேகம்: அவள் திரையில் ஒரு கோபுரம் கட்டி முடித்திருக்கிறாள். திரையில் பொருந்துகிறது என்பதை நம்பி அதற்கான அசல் கட்டைகளைக் காசு கொடுத்து வாங்கலாமா?

பதில்: உங்கள் வெர்னியர் சரியாகத்தான் காட்டுகிறது. அசல் 2×4 கட்டையின் அளவு 31.8-க்கு 15.8. கோப்பை எழுதியவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தே 32-க்கு 16 என்று வைத்திருக்கிறார்கள். ஏன் அப்படி வைத்தார்கள் என்பது புரிந்துவிட்டால், உங்கள் பிரிண்டரில் வந்த கட்டை ஏன் ஒரு பக்கம் உரசி இன்னொரு பக்கம் தளர்ந்தது என்பதும் விளங்கிவிடும்.

லெகோ அமைப்பில் எல்லாவற்றுக்கும் அடிப்படை, கட்டையின் தலையில் உள்ள ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை உள்ள 8 மி.மீ. தூரம். நான்கு குமிழுக்கு 32 மி.மீ. இடம் ஒதுக்கப்படுகிறது. அந்த இடத்துக்குள் கட்டை ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. உள்வாங்கி நிற்கிறது. 32 என்பது மனை, 31.8 என்பது அதில் கட்டிய வீடு. இந்த இடைவெளி மிக முக்கியமானது. கட்டைகள் முழு 32-ஆக இருந்தால், வரிசையாக வைக்கும்போது ஒவ்வொன்றிலும் உள்ள நுண்ணிய மிகை ஒன்றோடொன்று கூடி, பத்தாவது கட்டை கீழே உள்ள குமிழில் இறங்காது. சுவர்கள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதால்தான் ஒரு கட்டை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் குமிழ்கள் மட்டுமே தீர்மானிக்கின்றன. பிழை சேர்ந்துகொண்டே போக வழியில்லை.

எல்-ட்ரா கோப்பு மனையின் அளவைத்தான் சொல்கிறது. அதற்குக் காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற இளைஞர் 1995-இல் டாஸ் கணினிகளுக்காக எழுதிய நிரல் அது. 1997 ஜூலையில், 26 வயதில், அவர் காலமானார். அவர் வகுத்த கோப்பு முறையைத் தன்னார்வலர்கள் விடாமல் பிடித்துக்கொண்டு இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். லெகோ நிறுவனத்தின் அச்சு வரைபடங்கள் அவர்கள் கைக்கு வருவதில்லை. அசல் பாகத்தை மேசையில் வைத்து, உங்களைப் போலவே காலிப்பரில் அளந்து, ஒவ்வொரு முகத்தையும் முக்கோணங்களாகவும் நாற்கோணங்களாகவும் எண்களில் எழுதுகிறார்கள். மற்றவர்கள் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது அதிகாரபூர்வத் தொகுப்பில் சேரும். குறை தெரிந்த பழைய பாகங்களின் தலைவரியிலேயே இதில் இன்னும் வேலை பாக்கி என்று எழுதிவைக்கும் நேர்மையும் அவர்களிடம் உண்டு. சம்பளம் இல்லாமல் நடக்கும் வேலை இது. இதன் தரத்தைப் பார்த்து நான் வியக்காத நாளில்லை.

ஜெஸ்ஸிமன் மில்லிமீட்டரை விட்டுவிட்டுத் தனக்கென ஓர் அலகு வைத்துக்கொண்டார். எல்-ட்ரா அலகு என்று அதைச் சொல்கிறார்கள். ஓர் அலகு ஏறத்தாழ 0.4 மி.மீ. அதன்படி குமிழ் இடைவெளி 20 அலகு, கட்டையின் உயரம் 24, பிளேட் எனப்படும் மெல்லிய தட்டையின் கனம் 8, குமிழின் விட்டம் 12, குமிழின் உயரம் 4. எல்லாம் முழு எண்கள். இது எப்படிச் சாத்தியமாயிற்று? லெகோவின் அளவுகளே 1.6 மி.மீ. என்ற ஒற்றை அளவின் மடங்குகளாக அமைந்திருக்கின்றன. 8 என்பது ஐந்து மடங்கு, 9.6 ஆறு மடங்கு, 3.2 இரண்டு மடங்கு, 4.8 மூன்று மடங்கு. அந்த 1.6-ஐ நான்காகப் பகுத்தால் பாதி, கால் என்று எந்த நடுப்புள்ளியும் முழு எண்ணில் வந்து விழும். கட்டையைச் செங்கோணத்தில் திருப்பினாலும் நகர்த்தினாலும் பின்னம் வராது. அன்றைய கணினியில் இது பெரிய வசதி. இன்றும் ஒரு சிறுமி ஆயிரம் கட்டைகளை அடுக்கி, கடைசிக் கட்டை முதல் கட்டையோடு இம்மி பிசகாமல் சேர்வதற்கு இந்த எண்கள்தான் காரணம். 31.8 என்று எழுதியிருந்தால் அது 79.5 அலகு. ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வைத்தே எல்லாவற்றையும் வரைய வேண்டியிருக்கும்.

விட்ட இடைவெளியை அவர்கள் எங்கே சரிக்கட்டினார்கள் என்று பாருங்கள். வழக்கமான அசல் கட்டையில் சுவரின் கனம் 1.5 மி.மீ. வெளி அகலம் 15.8-இல் இரண்டு சுவருக்கு 3 போனால் உள்வெளி 12.8. கோப்பில் சுவர் 4 அலகு, அதாவது 1.6 மி.மீ. வெளி அகலம் 16-இல் இரண்டு சுவருக்கு 3.2 போனால் அங்கேயும் 12.8. கீழேயிருந்து நுழையும் இரண்டு குமிழ்களின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 8-உம் 4.8-உம் சேர்ந்து அதே 12.8. ஆக, கோப்பில் சுவர் வெளிப்பக்கமாக மட்டும் 0.1 தடித்திருக்கிறது. குமிழ் தொடும் உட்பக்கம் சரியான இடத்தில் இருக்கிறது. உங்கள் அச்சுக் கட்டை பக்கத்துக் கட்டையோடு உரசியதற்கு இந்த 0.1 காரணம். (இப்போது வரும் பல கட்டைகளில் சுவர் இன்னும் மெலிந்து, குமிழ் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய வரம்பு ஓடுகிறது. உங்கள் கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு வகையும் கலந்திருக்கலாம்.)

பிடிப்பு சரியில்லாத கதை வேறு. அதற்குக் கட்டையின் அடியில் உள்ள உருளைக் குழலைப் பார்க்க வேண்டும். லெகோவின் உயிர்நாடி அந்தக் குழல்தான். 1958 ஜனவரி 28-இல் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்தக் குழல் பிடிப்புக்குத்தான். நான்கு குமிழ்களின் நடுவே குழல் இறங்கி நான்கையும் தொட்டு நிற்க வேண்டும். அதன் விட்டம் என்ன என்பதை உங்கள் மாணவர்களே கணக்கிட்டுவிடலாம். 8 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம் 11.31. அதில் ஒரு குமிழின் விட்டம் 4.8-ஐக் கழித்தால் 6.51 மி.மீ. அசல் குழலின் விட்டமும் அதுவே.

இந்த இடத்தில்தான் முழு எண் முறை திணறுகிறது. மூலைவிட்டத்தில் இரண்டின் வர்க்கமூலம் வந்துவிட்டது. அந்த எண்ணை எந்தக் கட்டத்திலும் முழுதாக அடக்க முடியாது. எல்-ட்ராவில் குழலுக்குப் பக்கத்தில் கிடைத்த முழு எண்ணான 16 அலகைக் கொடுத்தார்கள். அது 6.4 மி.மீ. விட்டத்தில் 0.11 குறைகிறது, குழலுக்கும் ஒவ்வொரு குமிழுக்கும் நடுவே 0.06 மி.மீ. அளவுக்கு வெற்றிடம் விழுகிறது. திரையில் இதை யாரும் பார்க்கப்போவதில்லை, கட்டையின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும் குழல்தானே. ஆனால் லெகோவின் பிடிப்பு முழுவதும் நூறில் சில பங்கு மில்லிமீட்டரில் நடக்கும் காரியம். நிறுவனம் தன் அச்சுகளின் துல்லியத்தை ஆயிரத்தில் சில பங்கு மில்லிமீட்டரில் சொல்கிறது. அந்த இடத்தில் 0.06 என்பது பிடிப்பே இல்லை என்பதற்குச் சமம்.

வட்டத்திலும் ஒரு சமரசம் இருக்கிறது. எல்-ட்ராவில் உண்மையான வட்டம் கிடையாது. சாதாரணமாக வட்டம் என்பது 16 பக்கங்கள் கொண்ட பலகோணம். முனைகள் மட்டும் வட்டத்தின் மேல் இருக்கும். பக்கங்கள் உள்ளே குழிந்துவிடும். 4.8 மி.மீ. குமிழில் இந்தக் குழிவு ஒரு பக்கத்துக்கு 0.046 மி.மீ. நல்லவேளையாக, குமிழ் சுவரைத் தொடும் திசையிலும் குழலைத் தொடும் 45 பாகைத் திசையிலும் முனைகளே வந்து நிற்கின்றன. அதனால் விட்டம் குறைவதில்லை. ஆனால் வளைந்த பரப்பு தொட வேண்டிய இடத்தில் ஒரு கூர்முனை மட்டும் தொடுகிறது. 80 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தை 16 பக்கத்தில் வரைந்தால் குழிவு முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், கண்ணுக்கே தெரியும். அப்படிப்பட்ட பாகங்களுக்கு 48 பக்க வட்டம் வைத்திருக்கிறார்கள். அப்போது குழிவு 0.09-க்குள் அடங்கும். குமிழின் தலையில் உள்ள நிறுவனத்தின் பெயர் எழுத்துகள், அச்சில் பிளாஸ்டிக் பாய்ந்த இடத்துப் புள்ளி போன்றவை கோப்பில் இருக்காது. எழுத்துகளைக் காட்ட வேண்டும் என்றால் பார்வை மென்பொருள் குமிழை எழுத்துள்ள குமிழாக மாற்றிக் காட்டும்.

இவை எல்லாவற்றையும்விட உங்களைப் போன்ற பணிமனைக்காரர்கள் அறிய வேண்டியது ஒன்று: அந்தக் கோப்பில் திடப்பொருளே இல்லை. வெறும் பரப்புகள்தான். குமிழ் மேல்தளத்தின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது, தளத்தோடு சேரவில்லை. அடிக் குழலுக்கெனத் தனி வரைவுகூடக் கிடையாது; 4 அலகு உயரமுள்ள ஓர் உள்ளீடற்ற சிறு குமிழை ஐந்து மடங்கு நீட்டித் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கென்று செய்த பொருளுக்கு இது மிகச் சிக்கனமான வழி. பிரிண்டருக்கு அனுப்பினால், எது உள், எது வெளி என்று அதன் மென்பொருள் தடுமாறும்.

அச்செடுக்கத்தான் வேண்டும் என்றால் அந்தக் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். உங்களிடம் கேட் மென்பொருள் இருக்கும். புதிதாக வரைந்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. வெளி அளவு 31.8-க்கு 15.8, உயரம் 9.6, குமிழ் இடைவெளி 8, குமிழ் விட்டம் 4.8, குழலின் வெளி விட்டம் 6.51, உள் விட்டம் 4.8, சுவர் 1.5. முழு வட்டமாக வரையுங்கள். பலர் செய்யும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதை மட்டும் செய்ய வேண்டாம்: 32-ஐ 31.8 ஆக்குவதற்காக மொத்தக் கோப்பையும் 99 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலாகச் சுருக்குவது. வெளி அளவு சரியாகிவிடும். ஆனால் குமிழ் இடைவெளியும் கூடவே சுருங்கி 7.95 ஆகும், முதல் குமிழுக்கும் நான்காவது குமிழுக்கும் இடையே 24 இருக்க வேண்டியது 23.85 ஆகிவிடும். சுவர் உரசல் போய், கட்டையே உட்காராத நிலை வந்துவிடும். இந்த அமைப்பில் அசைக்கவே கூடாத எண் அந்த 8 மட்டும்தான்.

அதன் பிறகு உங்கள் பிரிண்டரின் குணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் புழங்கும் இழை பிரிண்டர்கள் பத்தில் ஒரு பங்கு மி.மீ. பிசகுவது சகஜம். ஒரு சிறு துண்டில் 4.7, 4.75, 4.8, 4.85 என்று குமிழ்களையும், 6.4-இலிருந்து 6.65 வரை குழல்களையும் அச்செடுத்து அசல் கட்டையோடு சேர்த்துப் பாருங்கள். எது ‘டக்’ என்று பிடித்து, இழுத்தால் விடுகிறதோ அதுதான் உங்கள் இயந்திரத்துக்கான எண். பி.எல்.ஏ. இழையில் எடுத்த கட்டை அழுத்தத்திலேயே கிடந்தால் நாளடைவில் தளரும். லெகோ 1963-இலிருந்து ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கைவிடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம், அது தன் வடிவத்தைப் பிடித்து நிற்கும் குணம்.

உங்கள் மகளின் கோபுரத்துக்கு வருவோம். குமிழ் மேலே பார்த்தபடி, கட்டை மேல் கட்டையாக அடுக்கிய பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். எல்-ட்ராவின் எண்கள் அந்த வேலைக்காகவே செய்யப்பட்டவை, அதில் அவை பிழை செய்வதில்லை. கவனம் வேண்டியது கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிய இடங்களில். ஐந்து பிளேட் அடுக்கினால் உயரம் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் 16. எல்லாத் திருப்பு வேலைக்கும் இந்தச் சமன்பாடுதான் மூலதனம். திரையில் இரண்டும் இழைத்து வைத்ததுபோல் ஒட்டி நிற்கும். அசலில் அடுக்கின் உயரம் 16, அகலமோ 15.8. ஐந்து பிளேட் உயரமுள்ள சந்தில் கட்டையைப் பக்கவாட்டில் வைத்தால் 0.2 மி.மீ. கீற்று தெரியும். பெரும்பாலும் அது பிரச்சினை இல்லை, கொஞ்சம் தளர்வாக இருப்பது நல்லதுதான்.

பிரச்சினை எதிர்ப்பக்கத்தில், துளியும் தளர்வில்லாத இடங்களில். இரண்டு குமிழ்களுக்கு நடுவே உள்ள சந்து 8-இல் 4.8 போக 3.2. பிளேட்டின் கனமும் 3.2. ஒரு பிளேட்டைச் செங்குத்தாக அந்தச் சந்தில் செருகினால் திரையில் கச்சிதம். கையில் செய்தால் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நெரிபடும், கட்டை வெளுத்துப்போகும். லெகோவின் வடிவமைப்பாளர்கள் இதைச் செய்யக்கூடாத இணைப்பாக வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான ஜேமி பெரார்ட் பாகங்களை வருத்தும் இணைப்புகளைப் பற்றித் தனியாக ஒரு விளக்கவுரையே தயாரித்தார். எல்-ட்ரா கோப்பு எந்தப் பரப்பு எந்தப் பரப்பைப் பிடிக்கும் என்று சொல்வதில்லை. ஒரு கட்டைக்குள் இன்னொரு கட்டையைப் புதைத்தாலும் தடுக்காது. லெகோவின் சொந்த மென்பொருளான டிஜிட்டல் டிசைனர் அப்படி மோதவிடாது. ஆனால் அதை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். 2019-இல் லெகோ வாங்கிய பிரிக்லிங்க்கின் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இப்போது பரவலாகப் புழங்குகிறது. அதன் பாகங்கள் பெரும்பாலும் எல்-ட்ராவிலிருந்து வந்தவை, ஆனால் மோதலையும் நிலைப்பையும் சோதிக்கும் வசதியை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். மகளின் கோப்பை அதில் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கோப்பின் பெயரில் உள்ள எண்ணை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 3298 என்ற சரிவுக் கட்டையை எல்-ட்ரா 33 பாகை என்கிறது. லெகோ நிறுவனம் அதையே 25 பாகை என்று பட்டியலிடுகிறது. கோப்பின் எண்களைக் கொண்டு கணக்கிட்டால் சரிவு சுமார் 26.6 பாகை. கூரையை அதோடு இணைத்திருந்தால் வடிவத்தை வைத்தே முடிவெடுங்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள்: குமிழில்லாத தட்டையான 2×2 டைலில் அடிவிளிம்பில் காடி உள்ளது 3068பி. காடியில்லாத பழைய வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் புதிதாகக் கிடைக்காது. சாம்பல் நிறத்திலும் இதே கவனம் தேவை. 2004 வாக்கில் லெகோ சாம்பலை மாற்றியது, எல்-ட்ரா பழைய வெளிர் சாம்பலை 7 என்றும் புதியதை 71 என்றும் தனித்தனி எண்ணில் வைத்திருக்கிறது. இன்று வாங்க வேண்டியது 71.

ஒரே முறையில் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். கோபுரத்தில் கட்டை பக்கவாட்டில் திரும்பும் இடம் ஒன்றையும், அதிக எடை தாங்கும் அடிவரிசையையும் கட்டிப் பார்க்கும் அளவுக்கு மட்டும் முதலில் வாங்குங்கள். அவை அழுத்தாமல் உட்கார்ந்து, பிரிக்கும்போது வெளுக்காமல் வந்தால் மீதியை நம்பி வாங்கலாம்.